சத்தம் அடைத்த கார்

என் மனைவியின் குரலைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்களிடையே ஒரு கேலி உண்டு. அவள் ஆயர் தாவாரில் தும்மினால் ஈப்போவில் இருப்பவர்கள் ‘நூறு’ என்று வாழ்த்துவார்களாம். தோட்டத்துத் தொண்டை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அவள் பிறந்தது ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில். இன்று அங்கே லயமும் இல்லை, ரப்பரும் இல்லை, எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைதான் நிற்கிறது. ஒரு நிரையில் பால் வெட்டிக்கொண்டே அடுத்த நிரையில் இருப்பவரிடம் குடும்பக் கதை முழுவதையும் பேசி முடிக்கிறவர்களுக்குப் பிறந்த பெண்ணின் குரல் வேறு எப்படி இருக்கும் என்பது எல்லோருடைய கணக்கு. என் கணக்கும் அதுதான்.

நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். ஆனால் தாப்பா பக்கம், கிராணி வீட்டில். தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற கிராணிக்குத் தனி வீடு, தனி மரியாதை. என் அப்பா பேசினால் எதிரில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். அதற்குமேல் கேட்டால் அது பேச்சில்லை, கூச்சல் என்பார். எனக்கு அந்த எண்ணம் தாய்ப்பாலோடு இறங்கிவிட்டது. ஈப்போவில் ஒரு துணி ஃபேக்டரியில் நெசவு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த லயத்துப் பெண்ணை, வீட்டில் எல்லோரும் முகம் சுளிக்க, விரும்பித்தான் கட்டினேன். அவள் குரலை மட்டும் என்னால் விரும்ப முடியவில்லை.

கிளினிக்கில் மருந்து வாங்கும்போது, பெட்ரோல் நிலையத்தில் கழிவறை எங்கே என்று கேட்கும்போது, அவள் முழுக் குரலில் பேசுவாள். நாலு தலை திரும்பும். நான் உடனே சுவரில் ஒட்டியிருக்கும் எதையாவது படிக்க ஆரம்பித்துவிடுவேன், அவள் யாரோ நான் யாரோ என்பதுபோல. “கொஞ்சம் மெதுவா பேசேன்” என்பதை என் ஆயுளில் நான் சொன்ன அளவுக்கு சாமி பேரைக்கூடச் சொல்லியிருக்கமாட்டேன்.

காரில் மட்டும் அந்தப் பிரச்சினை இல்லை. என் கார் நம் நாட்டுத் தயாரிப்பு, பழையது. நெடுஞ்சாலையில் வேகம் கூடினால் டயர் போடும் இரைச்சல் தரை வழியாகக் காலில் ஏறும். மழை பெய்தால் கூரைமேல் யாரோ ஜல்லி கொட்டுவதுபோல் இருக்கும். கதவுகள் தம் பாட்டுக்கு உதறும். அந்தச் சத்தத்தில் நானும் கத்தித்தான் ஆகவேண்டும். ஆயர் தாவாரில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்வரும் வழியெல்லாம் இருவரும் கத்திக்கொண்டே போவோம். மீன் விலை, மச்சானின் சர்க்கரை வியாதி, மகனின் வேலை என்று எல்லாம் அந்தக் காரில்தான் பேசி முடிவாகும். சிரிப்பதைக்கூடக் கத்தித்தான் சிரித்தோம். பக்கத்துத் தடத்தில் போகிறவர்கள் பார்த்தால், புருஷன் பெண்டாட்டி வெட்டிக்கொள்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

மகன் பினாங்கில் வேலை செய்கிறான். அவன் விரும்பிய பெண்ணின் வீடு ஈப்போவில்தான், எங்களிடமிருந்து அதிக தூரமில்லை. அவர்கள் கிறிஸ்தவர்கள். பிள்ளைகள் இருவரும் கோயிலா சர்ச்சா என்பதைத் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பெரியவர்கள் நாங்கள் பேசித் தீர்க்கவேண்டியதுதான் பாக்கி. முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போனோம். பெண்ணின் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. வாய் திறந்தாலே தாலாட்டு மாதிரி இருக்கும். இத்தனை வருஷம் வகுப்பறையில் எப்படிச் சமாளித்தார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. அப்பாவோ அதற்கும் மேல், தலையசைப்பிலேயே காலம் தள்ளுகிறவர். அந்த வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு என் மனைவி, “கேக்கு ரொம்ப நல்லா இருக்கு! வீட்டுலயே செஞ்சீங்களா?” என்று கேட்டபோது கண்ணாடி அலமாரியில் இருந்த பீங்கான் தட்டுகளும் திரும்பிப் பார்த்திருக்கும். நான் அவள் காலை மேசைக்கு அடியில் மிதித்தேன்.

திரும்பும்போது காரில் பிடித்துக்கொண்டேன்.

“அவங்க எவ்வளவு பதவிசா பேசுறாங்க! நீ ஏன் அப்படிக் கத்துற?”

“நான் எங்க கத்துனேன்? இந்தக் காடியில உக்காந்து உக்காந்து அப்படிப் பழகிப்போச்சு. உங்க காடி சத்தத்துக்குக் கத்தாம, காதுல வந்து ஊதவா?”

எனக்கு முன்கோபம் உண்டு. அதைவிட மோசமான இன்னொன்றும் உண்டு. ஒருவர் சாக்கு சொன்னால், அந்தச் சாக்கை அவர் கையிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் ஓய்வேன். கார் சத்தமா காரணம்? சரி, அந்தச் சத்தத்தையே இல்லாமல் பண்ணிவிட்டால் என்ன சொல்வாய் பார்க்கலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வெளியே சொல்லிக்கொண்டது, சம்பந்தி வீட்டார் நம் காரில் ஏறினால் கௌரவமாக இருக்கவேண்டும் என்று. அதுவும் பொய்யில்லை.

கடையில் கொடுத்துச் செய்யலாம்தான். கொடுத்தால் யார் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, பொருளை வாங்கிவந்து வீட்டு முன் கூரைக்கடியில் காரை நிறுத்தி நானே செய்தேன். ஒரு பக்கம் பசையும் மறுபக்கம் அலுமினியத் தகடும் உள்ள கறுப்பு ரப்பர் தாள், அதன்மேல் ஒட்ட மெத்தென்ற ஃபோம், கதவு ஓரத்துக்கு ரப்பர் பட்டை. ஒவ்வொரு வார இறுதியும் அதிலேயே போனது. இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்தேன். தரைவிரிப்பைத் தூக்கினேன். அடியில் ஹேர்பின், கச்சான் கடலைத் தோல், விபூதிப் பொட்டலம் என்று எங்கள் இருவரின் வாழ்க்கையும் கிடந்தது. தகடெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. தின்னர் போட்டுத் துடைத்தால்தான் தாள் பிடிக்கும். கதவின் உள் பலகையைக் கழற்றும்போது கொக்கிகள் படக் படக்கென்று உடைந்தன. நான் கெட்ட வார்த்தை பேசினேன்.

தாளை வெட்டி, மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டி, தகட்டில் ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் உருளையால் தேய்க்கவேண்டும். உருளை வாங்க மறந்துவிட்டேன். அவளுடைய சப்பாத்திக் கட்டையை எடுத்துவந்தேன். அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இனிமே சப்பாத்தி வேணும்னா காடிகிட்டயே கேட்டுக்குங்க” என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவில்தான் பெரிய இரைச்சல் வரும் என்பதால் அங்கே இரண்டு தாள். கதவுக்கு அடியில் மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டையை மட்டும் அடைக்காமல் விட்டேன். ஒட்டுவதற்கு முன் தகட்டை விரலால் சுண்டினால் தகரடப்பா மாதிரி டங்கென்று அதிரும். ஒட்டியபின் சுண்டினால் டொக்கென்று செத்துப்போன சத்தம். அந்த வித்தியாசத்தைக் கேட்கக் கேட்க எனக்குப் போதை ஏறியது. மறுபடி மறுபடி சுண்டிக்கொண்டே இருந்தேன்.

நடுவில் ஒரு வாரம் மகன் வந்தான். பிரித்துப்போட்ட காரைச் சுற்றிப் பார்த்தான்.

“அம்மாவுக்கு இது தோதுப்படுமாப்பா?”

“சத்தம் இல்லாம இருந்தா யாருக்குடா தோதுப்படாது?”

அவன் ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். கையில் திருப்புளி இருக்கும்போது என்னிடம் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். உள்ளே போய் அம்மாவுக்கு எதிரில் நின்று தேநீர் கேட்டான்.

எல்லாம் முடிந்து முதல்முறை நெடுஞ்சாலையில் ஓட்டியபோது, என் கார்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. டயர் இரைச்சல் எங்கோ தூரத்தில், அடுத்த வீட்டு மின்விசிறி மாதிரிக் கேட்டது. சிக்னல் போட்டால் டிக் டிக் என்பது துல்லியமாகக் கேட்டது. நான் பெருமையோடு, எங்கள் அப்பா பேசுவதுபோல, மெல்லிய குரலில், “எப்படி இருக்கு?” என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. ஜன்னல் வழியே சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதலில் எனக்கு அது வெற்றியாகத்தான் பட்டது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் வாய் மூடியிருக்கிறது என்று உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் அடுத்த பயணத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் அப்படித்தான். நான் ஏதாவது சொன்னால், பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் நான் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. வீட்டுக்குள் வந்துவிட்டால் வழக்கம்போல் பேசினாள், சிரித்தாள், சண்டை போட்டாள். காரில் ஏறி உட்கார்ந்தால் ஊமை. அவள் சாக்கை நான் பிடுங்கிவிட்ட கோபத்தில், ‘மெதுவா பேசச் சொன்னீர்களே, பேசவே மாட்டேன் போங்கள்’ என்று பழி வாங்குகிறாள் என்று முடிவு கட்டினேன்.

பிறகு நானும் ஆரம்பித்தேன். சாலையைப் பார்த்தபடியே சின்னக் குரலில் குத்துவேன். “வாயில கொழுக்கட்டையா?” என்பேன். “மகாராணி இன்னைக்கும் விரதமா?” என்பேன். அவள் அசையமாட்டாள். அசையாததைப் பார்த்து எனக்கு இன்னும் ஏறும். ஒருநாள் கோப்பேங்கிலிருந்து வரும்போது, “லயத்துப் புத்தி லயத்துலதான் நிக்கும், எங்க அம்மா அன்னைக்கே சொன்னாங்க” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லாத வார்த்தை.  அவள் சட்டென்று திரும்பி, “அங்க பாருங்க, டுரியான் விக்கிறாங்க! நிறுத்துங்க நிறுத்துங்க!” என்றாள். சீ, மனுஷனை எவ்வளவு துச்சமாக நினைத்தால் இப்படிப் பேச்சை மாற்றுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். அவள் எனக்குப் பிடித்த கசப்பு டுரியான் பழமாகப் பார்த்து, முகர்ந்து முகர்ந்து வாங்கிவந்தாள். அதை எழுதும்போது இப்போது கை கூசுகிறது.

பெண் வீட்டாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயர் தாவாருக்கு, மச்சான் வீட்டு விருந்துக்கு அழைத்தோம். அவர்கள் தங்கள் காரிலேயே வருவதாகச் சொன்னார்கள். நான் விடவில்லை. என் காரின் அமைதியை அவர்கள் அனுபவிக்கவேண்டுமே! மனைவி என் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு நேர் பின்னால் பெண்ணின் அம்மா, எனக்குப் பின்னால் அப்பா. ஸ்ரீ இஸ்கண்டார் வரை நானும் அவரும் தலையசைத்துக்கொண்டே வந்தோம். காருக்குள் ஏர்கானின் மூச்சு மட்டும்தான் கேட்டது.

பேராக் ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போது பெண்ணின் அம்மா பேசினார்.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். எங்க பொண்ணு சர்ச்சுக்குப் போறவ. அவ உங்க வீட்டுக்கு வந்தா, உங்க மனசுக்குக் கஷ்டமா இருக்குமா? உள்ளதைச் சொல்லுங்கக்கா. நான் தப்பா எடுத்துக்கமாட்டேன்.”

அந்தக் கேள்வியை ஒருவர் எத்தனை நாள் மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருந்தால் அவ்வளவு பக்குவமாகக் கேட்பார் என்று எனக்குப் புரிந்தது. என் மனைவிக்கு அந்தப் பெண் என்றால் உயிர். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. நான் காத்திருந்தேன். பின்னால் அவர்களும் காத்திருந்தார்கள். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தின் நடுவில் வந்ததும் முழுக் குரலில் சொன்னாள்:

“ஆத்துல தண்ணி ஏறியிருக்கு, பாருங்க!”

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஆசிரியை அல்லவா, முகத்தை உடனே சரிசெய்துகொண்டார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் ரேடியோவைப் போட்டேன்.

விருந்தில் என் மனைவி வேறு ஆளாக இருந்தாள். அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டுக்கறியை அள்ளி அள்ளி வைத்தாள். சிரித்துச் சிரித்துப் பேசினாள். காரில் முகத்தைத் திருப்பிவிட்டு, நாலு பேர் பார்க்கும் இடத்தில் கொஞ்சுகிறாளே, இது எந்த ஊர் நடிப்பு என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சில நாள் கழித்து மகன் அழைத்தான். பெண் வீட்டில் கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்கிறார்களாம். நிச்சயதார்த்தத் தேதியை இப்போது பேசவேண்டாமாம். “என்னப்பா நடந்துச்சு?” என்று கேட்டான். அவன் குரல் உடைந்திருந்தது. நான் போனை வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனேன்.

“அந்தம்மா எவ்வளவு மரியாதையா கேட்டாங்க! நீ ஆத்துல தண்ணி ஏறியிருக்குன்னு பேசுற. உன் மகன் கல்யாணத்த நீயே ஒடச்சிட்டியே!”

அவள் கையில் கரண்டியோடு என்னையே பார்த்தாள்.

“என்ன கேட்டாங்க? என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலயே.”

“தெரியாத மாதிரி நடிக்காதே.”

அவள் முகம் ரத்தம் வடிந்து வெளுத்ததுபோல் ஆயிற்று.  அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நான் நினைத்தேன். அன்றிலிருந்து வீட்டிலும் பேச்சில்லை.

பேச்சில்லாவிட்டாலும் காய்கறி வாங்கவேண்டுமே. ஒரு காலை பாசாருக்குப் போனோம். திரும்பும்போது எனக்கு முழங்கால் வலி. அவளே ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டாள். அவள் நன்றாக ஓட்டுவாள். இன்ஜினைக் கிளப்பி ஏர்கானைப் போட்டாள். நான் மீன் பையைப் பின்னால் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கியரைப் போடப் போனவள், கையை எடுத்துவிட்டுச் சற்று யோசித்தாள். காலால் தரையை அழுத்திப் பார்த்தாள். பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினிலேயே மறுபடி சாவியைத் திருகினாள்.

கார் ஓட்டத் தெரிந்த எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். பல்லோடு பல் அரைபடுகிற அலறல். நான் ஒட்டிய தாளையெல்லாம் தாண்டி அது உள்ளே வந்தது. வெளியே கீரை விற்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள். என் மனைவி முகம் மாறவே இல்லை. இன்னும் ஒருமுறை திருகினாள், இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு. மறுபடி அதே அலறல். “வண்டி கிளம்ப மாட்டேங்குது” என்றாள், நிதானமாக, என்னைப் பார்க்காமல்.

நான் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், எப்போதும் காரில் பேசும் அந்த மெல்லிய குரலில். அவள் திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டேன். திரும்பி என் முகத்தைப் பார்த்ததும், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பதை அவள் கண்டுகொண்டாள். சாவியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எப்பலேர்ந்து?” என்றேன்.

“ஃபேக்டரிலேர்ந்துதான். கொஞ்சங் கொஞ்சமா.”

நெசவு மெஷின்கள் ஓடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காதாம். அங்கே வேலை செய்த பெண்கள் எல்லோரும் வாயைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். அந்தப் பழக்கம் பிறகு கைகொடுத்தது. வீட்டில் எதிரும் புதிருமாக நின்று பேசுவதால் சமாளித்துவிட்டாள். எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்பது அவளுக்கே தெரியாது. மற்றவர்கள் தோட்டத்துத் தொண்டை என்று சிரித்தபோது, நல்லதாகப் போயிற்று, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள். காரில் பக்கவாட்டில் உட்காரும்போது வாய் தெரியாது. ஆனால் அந்தப் பழைய கார் சத்தத்தில் நான் தொண்டை கிழியக் கத்துவேன் அல்லவா, அது கேட்டது. இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்பதைக் காலடி அதிர்வை வைத்துத் தெரிந்துகொள்வாளாம். அந்த அதிர்வையும் நான் அடைத்துவிட்டேன்.

“காடியிலதான் நீங்க என்கிட்ட எல்லாத்தையும் பேசுவீங்க. எனக்கும் எல்லாம் கேக்கும். அதனாலயே அண்ணன் வூட்டுக்குப் போலாம் போலாம்னு நச்சரிப்பேன்,” என்றாள். “இப்ப நீங்க பேசுறீங்களா இல்லையான்னே தெரியல. பக்கத்துல உக்காந்து என்ன சொல்லிக்கிட்டு வந்தீங்க இவ்வளவு நாளா?”

அவள் கேட்டது உண்மையான கேள்வி. பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். “ஒண்ணுமில்ல” என்றேன். அந்த ‘ஒண்ணுமில்ல’யை அவள் என் வாயிலிருந்து படித்துக்கொண்டாள். பாசார் நடுவில், இன்ஜின் ஓடுகிற காரில், நான் வெட்கத்தால் கூனிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

பெண் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றேன். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம். திமிர் பிடிச்சவள்னு நினைச்சிட்டுப் போகட்டும். காது கேக்காதவள்னு மட்டும் சொல்லிடாதீங்க. நாளைக்கு அந்தப் பொண்ணு, மாமியா செவிடுன்னு யோசிக்கும்லா.”

நான் உடனே சரி என்றேன். அவ்வளவு வேகமாகச் சரி என்றதற்கு அவள்மேல் உள்ள இரக்கம் மட்டும் காரணமில்லை. இத்தனை வருஷம் கூட இருந்து எனக்குத் தெரியவில்லை என்பதும் வெளியே வராதே என்ற ஆறுதல் அதில் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் பெண் வீட்டுக்குப் போனேன். மனைவி காரிலேயே இருந்துகொண்டாள். பெண்ணின் அம்மா உள்ளே உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார்.

“அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல். அதுல நீங்க கேட்டது அவளுக்குச் சரியா...” என்று ஆரம்பித்தேன்.

“அண்ணே,” என்று அதே தாலாட்டுக் குரலில் நிறுத்தினார். “அக்காவுக்குக் காது கேக்காதுன்னு முதல் நாளே எங்களுக்குத் தெரியும். நான் பேசுறப்பல்லாம் என் வாயையேதான் பாத்தாங்க. வகுப்புல அப்படிப் பிள்ளைங்கள எத்தனையோ பாத்திருக்கேன். அன்னைக்கு காடியில பின்னால உக்காந்து கேட்டது என் தப்பு. கேட்டு முடிச்சப்புறம்தான் அது உறைச்சுது.”

மைலோ கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அவங்க பதில் சொல்லாததுல எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லண்ணே. நீங்க பக்கத்துல இருந்தீங்க. உங்களுக்குக் கேட்டுச்சு. அக்காவத் தொட்டு, ‘இப்படிக் கேக்குறாங்க’ன்னு ஒரு வார்த்த எடுத்துச் சொல்லியிருக்கலாம். நீங்க ரேடியோவப் போட்டீங்க. இந்த மனுஷன் சம்சாரத்த இப்படித்தான் ஒதுக்கி வெச்சிருக்காரு போலன்னு நினைச்சிட்டோம். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பொண்ணக் குடுக்கணுமான்னுதான் யோசிச்சோம்.”

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அது இன்னும் கேவலம். அவர்கள் என்னைக் கொடுமைக்காரன் என்று நினைத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் அவர்கள் பார்த்ததை ஆயுள் முழுக்க நான் பார்க்கவில்லை என்று தெரிந்தால் அதற்கு என்ன பேர் வைப்பார்கள்? இருந்தும் சொன்னேன். “எனக்குத் தெரியாதும்மா. இந்த வாரம்தான் தெரியும்.”  அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பெண்ணின் அப்பா முதல்முறையாகத் தலையசைக்காமல் இருந்தார்.

“உங்க மகன் இங்க வந்திருந்தாப்ல,” என்றார் அந்த அம்மா கடைசியில். “அம்மாகிட்டப் பேசணும்னா எதிர்ல போய் நின்னுதான் பேசுவேன், சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்னு சொன்னாப்ல. யாரும் சொல்லிக் குடுக்கலையாம். அப்பா மாதிரி இல்லன்னு தெரிஞ்சப்புறம் எங்களுக்கு மறுப்பு ஒண்ணும் இல்லண்ணே. தேதி பாக்கலாம்.”

நான் எழுந்து கும்பிட்டேன். இவ்வளவு நல்ல செய்தியை இவ்வளவு தலைகுனிந்து வாங்கிக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன்.

வெளியே வந்து, என் பக்கத்துக் கதவுக்குப் போகாமல், காரைச் சுற்றிப்போய் அவள் ஜன்னலுக்கு நேராகக் குனிந்து நின்றேன். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

“அவங்களுக்கு முதல் நாளே தெரியுமாம்,” என்றேன், வாயை நன்றாகத் திறந்து. அவள் கண் பயந்தது. “சம்மதமாம். தேதி பாக்கலாமாம்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை உற்றுப் பார்த்தாள்.

“அப்புறம் ஏன் உங்க மொகம் இப்படி இருக்கு? வேற என்ன சொன்னாங்க?”

மறைத்திருக்கலாம். அவளிடம் மறைப்பது எவ்வளவு சுலபம் என்று இப்போது தெரிந்துவிட்டது. வாயை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். திருப்பவில்லை.

“பையன் என்ன மாதிரி இல்லையாம். அதப் பாத்துட்டுத்தான் சம்மதிச்சாங்களாம்.”

அவள் இல்லை என்று ஒரு வார்த்தை மறுப்பாள், போனால் போகிறது என்று சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் முழுவதையும் வாங்கிக்கொண்டாள்.

“ஆமாம்லா,” என்றாள், அந்தத் தெருவுக்கே கேட்கும்படி. “அது எனக்கு எப்பவோ தெரியும்.”